விடியுமுன் விழுங்கிய மாத்திரை

அத்தியாயம் பதினேழு

போன வாரம், காதில் வைத்த போனை எடுக்க மறந்து அம்மா சுவரில் சாய்ந்து நின்றாளே, அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக நிற்கிறாள். இனிமேலும் நிற்க வைப்பது நியாயமில்லை.

போனில் பேசியவர் அதிகம் சொல்லவில்லை. “உங்க பொண்ணைப் பத்தி துறைத் தலைவி மேடம் பேசணுமாம். நாளைக்கு மத்தியானம் அவளையும் கூட்டிக்கிட்டு வாங்க.” எதற்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

இன்றைக்குப் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. அம்மாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. ஊர் கண் விழிப்பதற்குள் ரொட்டி கடைக்குப் போயாக வேண்டும். ஆகையால் மற்றவர்கள் புரண்டு படுக்கிற நேரத்தில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். முன்கை இரண்டிலும் சூட்டுத் தட்டின் விளிம்பு பட்ட கோடுகள், வளையல் மாதிரி. அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள், மருத்துவ ஆய்வகப் படிப்பில் இரண்டாம் வருடம். வீட்டில் அவளுக்குப் பெயர் பம்பரம்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. குளிக்கப் போகிறவள் வழியில் ஒரு பேனாவைப் பார்ப்பாள். பேனாவுக்கு மூடி தேடுவாள். மூடி தேடும்போது பழைய போட்டோ ஒன்று அகப்படும். கடைசியில் துண்டைத் தோளில் போட்டபடி, பள்ளிக்கூட வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். திட்டினார்கள், கெஞ்சினார்கள், டியூஷன் மாற்றினார்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் ஒரு டாக்டர் உட்கார வைத்துப் பேசி, “இது சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல. ஏடிஹெச்டி. கவனத்தைப் பிடிச்சு நிறுத்துற பிரேக் கொஞ்சம் தளர்வு, அவ்வளவுதான்” என்றார். தினமும் காலையில் ஒரு மாத்திரை, விட்டுப்போகாமல்.

அந்த ‘விட்டுப்போகாமல்’ என்ற வார்த்தையைத்தான் அம்மா முந்தானையில் முடிந்துகொண்டாள். ஏனென்றால் ஆரம்பத்தில் மகள் மாத்திரையையே மறந்து போவாள். “மறதிக்குக் குடுத்த மருந்தையே மறந்துட்டேன்மா” என்று சிரிக்க வேறு செய்வாள். அதனால் அம்மா வேலைக்குக் கிளம்புமுன் அவளை உலுக்கி, பாதித் தூக்கத்தில் ஒரு பிஸ்கட்டைக் கடிக்கவைத்து, மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, “ஆ காட்டு, நாக்கைத் தூக்கு” என்று பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துவிட்டுத்தான் போவாள்.

முதல் வருடம் பம்பரம் எல்லாப் பாடத்திலும் தேறியது.

அப்பாவுக்கு மட்டும் சமாதானமில்லை. “பிரேக்கைப் பத்தி எனக்கா சொல்றாங்க? ரொம்ப இறுக்கினா லிஃப்டே நகராது. வீட்டுல சத்தமே இல்ல, பார்த்தியா? என் பொண்ணு எங்கே போனா?” என்பார். கடைசியாக ஒரு நாள், “இந்த வருஷம் ஏதாவது சறுக்கிச்சுன்னா அந்த டப்பாவைத் தூக்கிக் குப்பையில போட்டுடறேன்” என்று சொல்லியும் விட்டார்.

அதனால்தான் கல்லூரியிலிருந்து போன் வந்ததை அம்மா அவரிடம் சொல்லவில்லை.

*

துறைத் தலைவியின் அறைக்கு வெளியே நீளமாக ஒரு மரப் பெஞ்ச். அம்மா மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி முன்னதாகவே கிளம்பி வந்திருந்தாள். தலைமுடியில் இன்னும் மாவு. மகள் வெள்ளைக் கோட்டை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை அவிழ்ப்பாள், மறுபடி மடிப்பாள்.

“என்னதான் பண்ணித் தொலைச்சே? இப்பவாவது வாயைத் திறயேன்.”

“உள்ள போனா சொல்லுவாங்க.”

“மத்தவங்க சொல்லித் தெரிஞ்சுக்கறதுக்கா உன்னைப் பெத்தேன்?”

மகள் கோட்டை மறுபடி அவிழ்த்தாள். எதிரே கண்ணாடிக் கதவுக்குள் அவளுடைய வகுப்புக்காரர்கள் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இவளைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். தூக்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் காதைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

“சாப்பிட்டியா?”

“பசிக்கலைமா.”

“எப்பக் கேட்டாலும் இதே பாட்டு. நீ சாப்பிடாம வீட்டை மட்டும் தேய்ச்சுத் தேய்ச்சு வெச்சுடு. நேத்து அடுப்படிக்குள்ள போனா என் மூஞ்சி தெரியுது தரையில. பயந்தே போயிட்டேன்.”

மகள் லேசாகச் சிரித்தாள். அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. வேலை முடிந்து பகல் இரண்டு மணிக்கு வெறும் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவளுக்கு அந்தச் சுத்தம்தான் ஆறுதல். மகள் கிளம்பிப் போயிருப்பாள். ஆனால் பாத்திரம் வரிசையாகக் கவிழ்த்திருக்கும். துணி இஸ்திரி போட்டு, பட்டன் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க மடித்திருக்கும். செருப்புகள்கூட ஜோடி ஜோடியாக நிற்கும். துண்டைத் தோளில் போட்டபடி நின்ற பெண்ணா இது! அடுப்புப் பகுதியில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போயிருந்தாள்.

“உள்ளே வரச் சொன்னாங்க” என்று குரல் வந்தது.

*

துறைத் தலைவி முரட்டு ஆள் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, “உக்காருங்கம்மா, நின்னே வேலை செய்யறவங்கன்னு பார்த்தாலே தெரியுது” என்றார். மேஜை மேல் இரண்டு காலிக் குழாய்களை எடுத்து வைத்தார். ரத்தம் எடுக்கிற சின்னக் கண்ணாடிக் குழாய்கள்.

“இது ஒருத்தரோட ரத்தம்னு வெச்சுக்குங்க. இது பக்கத்துப் படுக்கைக்காரரோடது. முந்தாநாள் சாயங்காலம் உங்க பொண்ணு இதோட பேரை அதுலயும், அதோட பேரை இதுலயும் ஒட்டிட்டா.”

அம்மாவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

“அதுல ஒருத்தருக்கு மறுநாள் ஆபரேஷன். ரத்தம் ஏத்தணும். இந்த லேபிளை நம்பி ஏத்தியிருந்தா…” துறைத் தலைவி நிறுத்திக்கொண்டார். “அவரோட பழைய ரிப்போர்ட்ல ரத்தப் பிரிவு வேறயா இருந்ததால எங்க சீனியர் கண்டுபிடிச்சுட்டார். ஒண்ணும் ஆகல.”

அம்மாவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. முகம் தெரியாத யாரோ ஒருவர். அவர் வீட்டில் யாரோ ஒருத்தி வாசலில் காத்துக்கொண்டிருந்திருப்பாள்.

“அய்யோ மேடம்…”

“பதறாதீங்க. தப்பு எல்லார் கையிலும் நடக்கும். என் கையிலும் நடந்திருக்கு. எப்படி நடந்ததுன்னு தெரிஞ்சா சரி பண்ணிடலாம். அதைத் தெரிஞ்சுக்கத்தான் கூப்பிட்டேன். போன வருஷம் காலை வகுப்புல நான் கேள்வியை முடிக்கறதுக்குள்ள பதில் சொன்ன பொண்ணு இது. இப்ப ஆஸ்பத்திரிப் பயிற்சி சாயங்காலம். பொழுது சாயச் சாய இவ ஆளே வேற மாதிரி ஆயிடறாளாம். கையில இருக்கறதை விட்டுட்டு ஜன்னலைப் பார்க்கறா. சொன்னதையே மறுபடி கேக்கறா.” ஒரு பக்கத்தைப் புரட்டினார். “போன வருஷம் டாக்டர் சீட்டு குடுத்திருக்கீங்க. மருந்து ஒழுங்காப் போகுதா?”

இவ்வளவு நேரம் குறுகி உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். இந்த ஒரு கேள்விக்கு அவளிடம் பழுதில்லாத பதில் இருந்தது.

“அதுல மட்டும் என்னை ஒரு குறை சொல்ல முடியாது மேடம். என் கையால குடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில பார்த்துட்டுத்தான் வேலைக்கே போவேன். காய்ச்சல் வந்தப்பக்கூடத் தவறினதில்ல.”

“ரொம்ப நல்லது. எத்தனை மணிக்குக் குடுப்பீங்க?”

“மூணரைக்கு.”

“மூணரைக்கு இவ இங்கதானே இருப்பா?”

“இல்ல மேடம், விடியக்காலை மூணரை. நாலு மணி ஷிப்டு எனக்கு.”

துறைத் தலைவி எழுதுவதை நிறுத்தினார். நெற்றியில் இருந்த கண்ணாடி மூக்குக்கு வந்தது. “பயிற்சி ஆரம்பிக்கறது மத்தியானம் ரெண்டு மணிக்கு. ராத்திரி எட்டு வரைக்கும்…” என்று மெல்லச் சொன்னார், தனக்குத்தானே சொல்வதுபோல. “அந்த மாத்திரை எவ்வளவு நேரம் வேலை செய்யும்னு டாக்டர் சொன்னாரா?”

பத்து மணி நேரம். ஆமாம், சொன்னார். அன்றைக்கே சொன்னார். அம்மாவுக்கு இப்போது அந்தக் குரல்கூடக் கேட்டது.

மாவுக்குக் கணக்குத் தெரிந்தவள் அவள். பிசைந்த மாவு எவ்வளவு நேரத்தில் உப்பும், எப்போது அடுப்பில் வைக்க வேண்டும், கொஞ்சம் தாமதித்தால் எப்படிப் பொசுக்கென்று அமுங்கிவிடும் என்பதெல்லாம் அவளுக்குக் கைக்குள். உள்ளுக்குள் அந்தக் கணக்கு ஓட ஆரம்பித்தது. போன வருடம் காலை எட்டு மணிக்கே வகுப்பு, சரியாக இருந்தது. இந்த வருடம்…

யாருமில்லாத வீட்டில் பளபளக்கிற தரை கண்ணுக்கு வந்தது. வரிசையாக நின்ற செருப்புகள்.

அவள் முகம் மாறுவதை மகள் பக்கத்திலிருந்து பார்த்தாள். அதுதான் வினை.

“நான் முழுங்கறதே இல்ல மேடம்” என்றாள்.

இருவரும் திரும்பினார்கள்.

“கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்குவேன். அம்மா போனதும் துப்பிடுவேன். எனக்குப் பிடிக்கல. அம்மாவுக்குத் தெரியாது. அவங்க மேல ஒண்ணும் இல்ல.”

பொய். கன்னத்தை விரலால் விலக்கிப் பார்க்கிறவளுக்குத் தெரியாதா? அம்மா வாயைத் திறந்தாள். மேஜைக்கு அடியில் மகளின் கால் அவள் காலை மிதித்தது. லேசாக இல்லை, நசுங்கும்படி.

“எவ்வளவு நாளா?” துறைத் தலைவியின் குரலில் இருந்த ஈரம் போய்விட்டது.

“பயிற்சி ஆரம்பிச்சதுலேர்ந்து.”

“மருந்து போட்டும் முடியலைன்னா அதுக்கு நூறு வழி இருக்கு. தெரிஞ்சே துப்பிட்டு வந்து நோயாளியோட ரத்தத்தைத் தொட்டா, அதுக்கு எங்கிட்ட வழி இல்லம்மா.” பேனாவை எடுத்தார். “இந்த வருஷப் பயிற்சி ரத்து. அடுத்த வருஷம் பின்னால வர்றவங்களோட முதல்லேர்ந்து செய்யட்டும். அதுவும் அப்பப் பார்க்கலாம். நீங்க கிளம்பலாம்.”

சொல்லு, சொல்லு என்று உள்ளே ஏதோ அடித்துக்கொண்டது. ஆனால் கால் மேல் இருந்த கால் எடுக்கப்படவில்லை. என்ன சொல்வது? மேடம், என் பிள்ளை இல்லை, நான்தான், பெருமையாகச் சொன்னேனே அந்த நான்தான் என்றா? எழுந்து, கும்பிட்டுவிட்டு, வெளியே வந்துவிட்டாள்.

*

படிக்கட்டுக்குக் கீழே, பழைய மேஜைகளை அடுக்கி வைத்திருந்த இடத்தில், அம்மா மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏன்டி பொய் சொன்னே?”

“விடுமா. முடிஞ்சு போச்சு.”

“என்ன முடிஞ்சு போச்சு? ஒரு வருஷம் போயிடுச்சுடி உனக்கு!”

“பின்ன என்ன பண்ணச் சொல்றே? அந்தம்மா உன்னைப் பார்த்த பார்வையைப் பார்த்தியா? கூறு கெட்ட பொம்பளைன்னு நினைச்சாங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டா நீயே உடைஞ்சு அழுதிருப்பே.”

“மாத்திரை இங்க வர்றதுக்குள்ள தீர்ந்து போகுதுன்னு உனக்குத் தெரியுமா?”

மகள் கோட்டின் பட்டனைத் திருகினாள்.

“கேக்கறேன்ல? தெரியுமா?”

“முதல் வாரமே தெரியும்.”

அம்மா அங்கே கிடந்த ஒரு மேஜையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீ போட்டு விட்டுட்டுப் போனதும் தூங்கிடுவேன். அஞ்சு மணிக்கெல்லாம் டக்குனு முழிப்பு வந்துடும். மூளை அப்படியே கண்ணாடி மாதிரி இருக்கும்மா. அப்பா குறட்டை விட்டுக்கிட்டு இருப்பார். அந்த நேரத்துல நான் என்ன பண்றது? படிப்பேன். எவ்வளவு படிக்கறது? அப்புறம் துணி மடிப்பேன், தரை துடைப்பேன். அப்பா எழுந்து வந்து, ‘வீட்டைத் தேய்ச்சே கரைச்சுடாதே’ன்னு கிண்டல் பண்ணுவார். மத்தியானம் பஸ் ஏறும்போதே ஒவ்வொண்ணா கழண்டுக்க ஆரம்பிக்கும். இங்க வந்து கையுறை மாட்டும்போது… பழைய பம்பரம்தான்.”

“அப்ப என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு? பத்து மணிக்கு, பதினோரு மணிக்குப் போட்டுக்கறேன்னு சொன்னா நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்?”

“அதான்.”

“எதான்?”

மகள் அவளைப் பார்க்காமல், மாடிப்படியின் அடிப்பக்கத்தைப் பார்த்துச் சொன்னாள். “பதினோரு மணிக்கு நானே போட்டுக்கறேன்னு சொன்னா, நீ என்னை எழுப்பாமப் போயிடுவே.”

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை.

“நீ வர்றப்ப நான் கிளம்பிப் போயிருப்பேன். நான் வர்றப்ப நீ தூங்கியிருப்பே. எழுப்பினா பாவம்னு அப்பா ‘உஷ்’ம்பார். ஞாயித்துக்கிழமை நீ துவைக்கணும், பாதி நாள் தூங்கணும். அந்தக் கொஞ்ச நேரம்தாம்மா நீ என்னைப் பார்க்கறே. ஆ காட்டுன்னு அதட்டிட்டு, தலையில கை வெச்சுட்டுப் போவே. கை சில்லுனு இருக்கும்.” கோட்டின் பட்டனை மறுபடி திருகினாள். “இத்தனை பெரிய பொண்ணு, இதை எப்படி வாயைத் திறந்து கேக்கறது? சமாளிச்சுக்கலாம்னு நினைச்சேன். யாரோ ஒருத்தரோட ரத்தம் வரைக்கும் போகும்னு நினைக்கல.”

பேச அம்மாவுக்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். வயிற்றுப் பாட்டுக்காக ஓடுகிறவள் ஒரு நாளில் ஒரே ஒரு காரியத்தைச் சரியாகச் செய்கிறோம் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடிதான் பிள்ளையின் கழுத்தில் இருந்திருக்கிறது. அதை அந்தப் பிள்ளை அணைப்பு என்று வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

எழுந்தாள். முகத்தைப் புடவையால் துடைத்துக்கொண்டாள்.

“இங்கயே இரு.”

“எங்க போறே? அம்மா! போகாதேம்மா. சொன்னாக் கேளு!”

*

இந்த முறை துறைத் தலைவி உட்காரச் சொல்லவில்லை. அம்மாவும் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பிஸ்கட்டிலிருந்து, நாக்கைத் தூக்கச் சொல்வதிலிருந்து, தலையில் வைத்த கை வரை. சொல்லிக்கொண்டே வந்தவள் அந்தக் கை வந்த இடத்தில் மட்டும் நின்று, மேலே சொன்னாள்.

துறைத் தலைவி மேஜை மேலிருந்த குழாய்களை ஓரமாக நகர்த்தினார்.

“டாக்டர்கிட்டயாவது நேரம் மாறினதைச் சொன்னீங்களா?”

“மாத்திரை தீர்ந்தா சீட்டு வாங்கப் போவேன் மேடம். எப்படி இருக்கான்னு கேப்பார். வீடு பளபளன்னு வெச்சிருக்கா டாக்டர்னு சொல்வேன். அவரும் சந்தோஷப்படுவார்.”

“அய்யோ!” என்றார் துறைத் தலைவி. திட்டுகிற அய்யோ இல்லை அது. “முதல் வாரமே நீங்களோ அவளோ வந்து இந்த மாதிரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காலைப் பிரிவுல போட்டிருப்பேனே. ஒரு இடம் காலியாவே கிடந்தது. யாரும் கேக்கலைன்னு வேற பையனுக்குக் குடுத்துட்டேன்.”

அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது. அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப ஒண்ணும் பண்ண முடியாதா மேடம்? தப்பு என் மேலதானே?”

“லேபிள் மாறினதை நான் மன்னிச்சுடுவேன். ஆனா என் எதிர்ல உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னாளே, அதை எங்க வைக்கறது? நாளைக்கு ஒரு ரிப்போர்ட்டைத் தொலைச்சுட்டு, கூட இருக்கற சிநேகிதியைக் காப்பாத்த இதே மாதிரி சொல்ல மாட்டாள்னு எப்படி நம்பறது?”

“எனக்காகத்தானே மேடம் சொன்னா.”

“அதுதான் எனக்கு இன்னும் பயம். பயந்து பொய் சொல்றவங்களைத் திருத்திடலாம். பாசத்துல சொல்றவங்களை யார் திருத்தறது?” கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். “இந்த வருஷம் போனது போனதுதான். டாக்டரைப் பார்த்து நேரத்தை மாத்தி எழுதி வாங்குங்க. அடுத்த வருஷம் காலைப் பிரிவுல இடம் வைக்கறேன். ஆனா ஒண்ணு. நீங்க வரக் கூடாது. அவ வரணும். தனியா. இதே நாற்காலியில உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி அவ வாயால சொல்லணும். இந்த வாரத்துக்குள்ள. இல்லைன்னா அந்த இடமும் கிடையாது.”

*

மகள் சொன்ன இடத்தில் இல்லை. கேட்டுக்கு வெளியே பஸ் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா மூச்சு வாங்க ஓடி வந்து விஷயத்தைச் சொன்னாள். காலைப் பிரிவு, அடுத்த வருடம், டாக்டர், நீ மட்டும் போய் ஒரே ஒரு தடவை…

“உண்மையைச் சொல்லிட்டியா?”

“பின்ன? நீ பழி சுமக்க நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?”

“ஆமா! பார்த்துக்கிட்டு இருந்திருக்கணும்!” பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரல் அவள் குரலாகவே இல்லை. “பொறுப்பில்லாதவன்னு நினைச்சுட்டுப் போயிருப்பாங்க. அது எனக்குப் பழக்கம். இப்பப் பொய்க்காரி. தினம் அந்தம்மா முகத்துல முழிக்கணும் நான். உனக்காக நானா யோசிச்சு ஒரு காரியம் பண்ணினேன். அதையும் பிடுங்கிட்டே.”

“கண்ணு, நான் சொல்றதை…”

“மாத்திரையும் நீயே போடு. வாயையும் நீயே திறந்து பாரு. எனக்குப் பதிலா நீயே பேசிட்டு வா. நான் எதுக்கு?”

இப்படி அவள் பேசிக் கேட்டதே இல்லை. கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. அம்மா முகம், சாலை, எதிர்க்கடை, கோட்டு, மறுபடி சாலை. மாத்திரை இறங்குகிற நேரம் என்று அம்மாவுக்கு உறைத்தது. தினமும் இந்த நேரத்தில் இவள் இப்படித்தான் இருந்திருக்கிறாள், ஊசிகளுக்கும் குழாய்களுக்கும் நடுவில், தனியாக. இந்த நேரத்து மகளை அம்மா பார்த்ததே இல்லை.

தொடுவதற்குக் கையை நீட்டினாள். மகள் தலையை விலக்கிக்கொண்டாள்.

ஒரு பஸ் வந்து நின்றது. வேகமாக ஏறினாள். படியில் நின்று திரும்பி, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள்: “நீ வீட்டுக்குப் போம்மா. உனக்குத் தூங்கற நேரம் வந்துடும்.”

குத்துவதற்குச் சொன்னாளா, அக்கறையில் சொன்னாளா, தெரியவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது.

அம்மா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பைக்குள் போன் அடித்தது. அப்பா. பின்னால் இரும்பில் இரும்பு இடிக்கிற சத்தம்.

“என்னம்மா, தொழிற்சாலைக்குப் போன் பண்ணினா சீக்கிரமே கிளம்பிட்டேன்னு சொல்றாங்க? சட்டுனு சொல்லு, அஞ்சாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவுல தொங்கிக்கிட்டு இருக்கேன். கீழ ஒரு கூட்டமே என்னைத் திட்டிக்கிட்டு இருக்கு.”

சாயங்காலம் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் நின்று சொன்னதைக் கட்டினவரிடம் ஒளிப்பதா?

“காலேஜுக்கு வந்தேங்க” என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தாள். அவள் அழவில்லை. அழுதால் பாதியில் நின்றுவிடும் என்று பயம். “மாத்திரை மேல தப்பில்லீங்க. பொண்ணு மேலயும் தப்பில்ல. நான் என் விடியலை அவ விடியல்னு நினைச்சுட்டேன். டப்பாவைத் தூக்கிப் போடறேன்னு மட்டும் சொல்லாதீங்க. என்னை என்ன வேணாலும் சொல்லுங்க.”

இரும்புச் சத்தம் நின்றிருந்தது. கீழே யாரோ கத்தினார்கள். அன்றைக்குச் சொன்னேனே, கேட்டாயா என்று அவர் கேட்கவில்லை. அந்த மனிதர் விடிகாலையில் தரை துடைக்கிற மகளைப் பார்த்துக் கிண்டல் செய்தவர்; அவருக்கும் விழுங்குவதற்கு ஏதோ இருந்திருக்கும்.

“அவ எங்க இப்போ?” என்றார்.

“கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டா. வீட்டுக்குத்தான்…”

சொல்லிக்கொண்டே அம்மா சாலையைப் பார்த்தாள். வீட்டுக்குப் போகிற பஸ்கள் எதிர்ப்பக்கத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் நிற்பவை வேறு எங்கோ போகிறவை.

“ஹலோ? எந்த பஸ்ஸு? யார் வீட்டுக்குப் போவா? சிநேகிதி யாராவது இருக்காளா? ஹலோ?”

காதைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்ட அந்தப் பெண்ணின் பெயர்கூட அம்மாவுக்குத் தெரியாது. சாயங்காலங்களில் மகள் எங்கே உட்காருவாள், யாரோடு டீ குடிப்பாள், மனம் உடைந்தால் எந்தத் தெருவுக்குப் போவாள், எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டில் திறந்து காட்டுகிற ஒரு வாய் மட்டும்தான்.

“தெரியலீங்க” என்றாள் அம்மா. “எனக்குத் தெரியலீங்க.”